வென்டெலின் இடது புருவம்

எங்கள் ஊரான கார்வர்ஸ் பெண்டில் பள்ளிக்கூடம் போன யாரும் மிஸ் எர்லீனைப் பார்க்காமல் ஆறாம் தெருவைக் கடந்ததில்லை. நானும்தான். முப்பத்தொரு வருடமாகக் காலை ஏழேகாலுக்கும் மாலை மூன்று மணிக்கும் பிள்ளைகளை ரோட்டைக் கடத்திவிட அவர் அந்த முனையில் நிற்கிறார். மஞ்சள் மேலங்கி, கையில் சிவப்புப் பலகை, கழுத்தில் ஊதல். அந்த ஊதலை அவர் ஊதி நான் கேட்டதில்லை. வருகிற வண்டியை ஒரு பார்வை பார்ப்பார். வண்டி நின்றுவிடும்.

அதற்கு முன் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினெட்டு வருடம் வேலை. 'மிஸ்' என்பது ஊர் கொடுத்த மரியாதை, கல்யாணமானவர்தான். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இரண்டு மகள்களும் கொலம்பஸ் நகரத்தில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்றாவது வரிசை, இடது ஓரம். இவ்வளவுதான் ஊருக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: மிஸ் எர்லீனுக்கு யார் என்ன செய்தாலும் மூன்று நாளுக்குள் அவர்கள் வீட்டுக்கு ஒரு நன்றி அட்டை வந்துவிடும். நான் நான்காம் வகுப்பு படித்தபோது அவர் கீழே போட்ட கையுறையை எடுத்துக் கொடுத்தேன். வியாழக்கிழமை தபாலில் அட்டை வந்தது. என் பெயருக்கு வந்த முதல் கடிதம் அது.

அவருக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. சர்ச்சில் நாற்பது வருடம் பக்கத்தில் உட்கார்ந்தவர்களில் பாதிப் பேருக்கும் தெரியாது.

ஊர் நீச்சல்குளம் இருந்த இடம் இப்போது வெறும் புல்தரை. ஐம்பதுகளில் அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு மட்டும். கறுப்பர் தெருப் பிள்ளைகள் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். வெயில் தாங்காவிட்டால் ரயில் பாலத்துக்குக் கீழே ஆற்றில் குதிப்பார்கள். அறுபத்து மூன்றில், எல்லோரையும் உள்ளே விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. ஊர் லாரி லாரியாக மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் குளத்தையே மூடிவிட்டது. உடை மாற்றும் அறைகள் இருந்த கட்டடம் மட்டும் மிஞ்சியது. அதன் நீளமான செங்கல் சுவரில் ஓர் ஓவியம் வரையலாம், அந்தக் குளத்தைப் பற்றி ஊர் ஒருமுறையாவது வாய்விட்டுப் பேசலாம் என்று இரண்டு வருடத்துக்கு முன் முடிவானது. ஓவியர் மாரிசெல் வெளியூரிலிருந்து வந்தார். படத்தை யோசிப்பதற்கு முன்னால் ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும் என்றார். நூலகத்தில் கூட்டங்கள் வைத்தோம். நான் அங்கே வேலை செய்வதால் குறிப்பெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது.

மூன்றாவது கூட்டத்தில் மிஸ் எர்லீன் எழுந்தார். மேலங்கியைக்கூடக் கழற்றாமல் வந்திருந்தார்.

"என் அண்ணன் பேரு வென்டெல். பதிமூணு வயசு. அறுபத்தொண்ணு ஆகஸ்ட்ல ஆத்துல போயிட்டான். அவனுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க ஆளும் இல்ல, இடமும் இல்ல. அவ்வளவுதான்."

உட்கார்ந்துவிட்டார். என் குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில் வேறெதுவும் இல்லை.

மாரிசெலின் படம் அந்தப் பேச்சிலிருந்து பிறந்தது. சுவர் முழுக்கத் தண்ணீர், அதில் அன்றைய பிள்ளைகளும் இன்றைய பிள்ளைகளும். நடுவில் குதிக்கும் பலகையின் நுனியில் வென்டெல், நம்மைப் பார்த்தபடி. அவன் முகம் மட்டும் பன்னிரண்டு அடி. ஆனால் அவனுக்குப் புகைப்படமே இல்லை. இருந்த இரண்டும் பிறகு வந்த ஒரு வெள்ளத்தில் போய்விட்டன. மிஸ் எர்லீன் அடையாளம் சொல்லச் சொல்ல, அவருடைய பேரனின் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாரிசெல் ஒரு முகம் வரைந்து காட்டினார். மிஸ் எர்லீன் வெகுநேரம் பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார். மூன்றாம் நாள் மாரிசெலுக்கு அட்டையும் வந்தது.

இந்த வகை ஓவியத்தை நேராகச் சுவரில் வரைவதில்லை. படத்தை ஐந்தடிச் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெல்லிய துணியில் கோடாக வரைவார்கள். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஓர் எண். பதினான்கு என்றிருந்தால் பதினான்காம் டப்பாவில் இருக்கும் சாயத்தைப் பூச வேண்டும். தூரிகையே பிடிக்காதவர்களும் பூசலாம். கடைசியில் துணிகளைச் சுவரில் பசைபோட்டு ஒட்டுவார்கள். பூசுகிறவருக்குத் தன் மேசையில் இருப்பது கன்னமா தண்ணீரா என்று தெரியாது. கூடத்துத் தரையில் எல்லாவற்றையும் சேர்த்துப் பரப்பும்போதுதான் தெரியும்.

சனிக்கிழமைதோறும் சர்ச்சின் கீழ்க்கூடத்தில் பூசினோம். எந்தச் சர்ச்சுக்குப் போகிறவர்களும் வந்தார்கள், எங்கும் போகாதவர்களும் வந்தார்கள். மிஸ் எர்லீன் நான்காம் மேசை. அவருக்குப் பக்கத்தில் டோரீன் மெட்ஸ்லர் என்ற வெள்ளைக்கார அம்மாள், அவர் வயதுதான், பல் மருத்துவரிடம் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். கோட்டைத் தாண்டி ஒரு சொட்டுச் சாயம் போகாது. ஆறு வாரம் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து பூசினார்கள். தக்காளிச் செடி, முட்டிவலி, எந்தக் கடையில் பீச் பழம் நன்றாக இருக்கிறது என்பதெல்லாம் பேசினார்கள். குளத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை.

சமையல்கட்டு ஃப்ளோசியின் ஆட்சி, சர்ச்சில் எல்லோரும் அவரை சிஸ்டர் ஃப்ளோசி என்றே கூப்பிடுவார்கள். ஃப்ளோசிக்கு அழுக்கு மூடியைக் கண்டால் ஆகாது. சர்ச் விருந்து முடிந்ததும் எல்லார் வீட்டுப் பாத்திரங்களின் மூடிகளையும் ஒன்றாகக் கழுவி, எது எதில் பொருந்துகிறதோ அதை அதில் போட்டு அனுப்பிவிடுவார். எங்கள் ஊரில் யார் வீட்டிலும் தன் பாத்திரத்துக்குத் தன் மூடி கிடையாது. யாரும் கோபித்துக்கொள்வதும் கிடையாது.

கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள் ஃப்ளோசி மேசை துடைக்க வந்தார். இரண்டு தட்டு நிறையச் சாய டப்பாக்கள், மூடி விளிம்பெல்லாம் சாயம் காய்ந்து கிடந்தது. ஒரு தட்டில் தோல் நிறங்கள், இன்னொன்றில் தண்ணீர் நிறங்கள். டப்பாக்கள் எல்லாம் ஒரே அளவு. எண்கள் மூடியின் மேல்தான் எழுதியிருந்தன. ஃப்ளோசி அத்தனை மூடிகளையும் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்து, அழகாகத் திரும்ப மூடி வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் நாங்கள் எண்ணைப் பார்த்துப் பூசினோம். மாரிசெல் அன்று சுவருக்குச் சுண்ணம் பூசுகிறவர்களோடு இருந்தார். மாலையில் வந்து துணிகளைத் தரையில் பரப்பினார். அன்று பூசியவற்றில் வென்டெலின் முகத்துக்குரிய ஆறு சதுரங்களும் இருந்தன. நெற்றி பச்சை. கன்னங்கள் நீலம். உதடு கரும்பச்சை.

ஆற்றிலிருந்து எடுக்கப்பட்ட பையன். எல்லோர் மனதிலும் ஒன்றேதான் ஓடியிருக்கும். ஃப்ளோசி எதிரே இருந்த மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனின் நுனியைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டார்.

மிஸ் எர்லீன் தரையில் கிடந்த முகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். பிறகு சொன்னார்: "ஃப்ளோசி, உன் உருளைக்கிழங்கு சாலட் ஏன் எப்பவும் ஊறுகாய் வாசம் அடிக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஃப்ளோசி அழுதுவிட்டார்.

"எர்லீன், உன் அண்ணன் முகத்தை நான்..."

"அழாத. அது வென்டெல் இல்ல."

"இப்ப இல்லதான், நான் கெடுத்துட்டேன்..."

"முதல்லேர்ந்தே இல்ல."

மிஸ் எர்லீன் மாரிசெலின் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்துதான் இருந்தது. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"உன் மேல தப்பு இல்ல கண்ணு. நான்தான் நல்லா இருக்குன்னு சொன்னேன். பாடுபட்டுப் போட்டிருக்க, எப்படி வேணாங்கிறது? ஆனா எனக்கு ஒரு பயம். அவன் முகம் தெரிஞ்ச ஆளு இப்ப உலகத்துல நான் ஒருத்திதான். எனக்கே அது கலைஞ்சுக்கிட்டு வருது. அப்ப எனக்குப் பத்து வயசு. இந்தச் சுவத்துல வேற ஒரு முகம் ஏறிடுச்சுன்னா, தினமும் அதைத்தான் பார்ப்பேன். இருக்கிற கொஞ்சமும் போயிடும்."

முகத்தைக் காட்டாமல் பையனை முதுகுப் பக்கமாக வரைந்துவிடட்டுமா என்று மாரிசெல் கேட்டார். அதுவே சரி என்றார் மிஸ் எர்லீன். அடுத்த சனிக்கிழமைக்குள் புதுத் துணி தயாராக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். கலைந்து போகும்போது நான்காம் மேசையில் டோரீனின் தூரிகை கழுவாமல் கிடந்தது. அப்படி அவர் விட்டுப் போனதே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை மிஸ் எர்லீனே எனக்குச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்கு ஆறாம் தெரு முனையில் டோரீன் வந்து நின்றிருக்கிறார். கையில் ஒரு பழுப்பு உறை.

"ரோட்டைக் கடக்கணுமா?" என்று மிஸ் எர்லீன் கேட்டார்.

"இல்ல."

"அப்ப ஓரமா நில்லுங்க. பிள்ளைங்க வருது."

எட்டு மணிக்குப் பள்ளி மணி அடிக்கும் வரை டோரீன் ஓரமாகவே நின்றார். கடைசிப் பிள்ளை உள்ளே போனதும் இருவரும் பேருந்து நிறுத்தத்து இருக்கையில் உட்கார்ந்தார்கள். டோரீன் உறையிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை எடுத்தார். அவருடைய அப்பா எடுத்தது. அறுபத்தொன்று ஜூலை, டோரீனின் ஒன்பதாவது பிறந்தநாள். முன்னால் குளம், ரப்பர் பூ வைத்த நீச்சல் குல்லாயோடு ஒரு சிறுமி வாய் நிறையச் சிரிக்கிறாள். பின்னால் கம்பிவேலி. வேலியைப் பிடித்தபடி நான்கு பையன்கள். மூன்று பேர் தண்ணீரைப் பார்க்கிறார்கள். ஒருவன் மட்டும் நேராகப் படம் எடுப்பவரைப் பார்க்கிறான், இதோ சிரிக்கப் போகிறவனைப் போல.

மிஸ் எர்லீன் அவன் மேல் விரலை வைக்கவில்லை. அருகில் காற்றில் நிறுத்தினார்.

"இவனா?" என்றார் டோரீன்.

அவனேதான். அவன் இடுப்பருகே, படத்தின் ஓரத்தில் ஆள் வெட்டுப்பட்டு ஒரு சின்னக் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை அவன் சட்டை நுனியைப் பிடித்திருந்தது. அது யார் கை என்று டோரீன் கேட்கவில்லை.

"இது எத்தனை நாளா உங்ககிட்ட இருக்கு?"

"எப்பவுமே. ஆல்பத்துல. பின்னாடி ஆளுங்க இருக்காங்கன்னுகூட நான் பார்த்தது இல்ல. நூலகத்துல நீங்க பேரு சொன்ன அன்னிக்கு ராத்திரிதான் எடுத்துப் பார்த்தேன். நாலு பேருல யாருன்னு தெரியல. இவங்கள்ல ஒருத்தனாத்தான் இருக்கணுமா, அதுவும் தெரியல."

"அப்புறமும் கொண்டு வரல."

"முன்னாடி நான் சிரிச்சுக்கிட்டு இருக்கேன், மிஸ் எர்லீன். இதை எப்படி உங்க கையில நீட்டுறது?"

"ஒம்பது வயசுப் பிள்ளை பொறந்தநாளுக்குச் சிரிக்கத்தான் செய்யும்."

டோரீன் மூச்சு விட்டார். ஆனால் மிஸ் எர்லீன் முடிக்கவில்லை.

"ஆறு வாரம் என் பக்கத்துல உக்காந்து தக்காளியைப் பத்திப் பேசுனது ஒம்பது வயசுப் பிள்ளை இல்ல."

"இல்ல," என்றார் டோரீன். "அது நான்தான்."

ஒரு பேருந்து வந்து நின்று, இவர்கள் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போயிற்று.

"சரி. இப்ப கொண்டு வந்தீங்க," என்றார் மிஸ் எர்லீன். பிறகு, "அந்தக் குல்லா நல்லா இருக்கு."

இதை என்னிடம் சொல்லும்போதுதான் அவர் கண்களைத் துடைத்துக்கொண்டார். டோரீனின் முன்னால் அழவில்லை என்பதை இரண்டு முறை சொன்னார்.

முதுகுப் பக்கமாக வரையும் பேச்சு நின்றது, மாரிசெல் அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக்கினார். பெரிதாக்கியதும் ஒரு கேள்வி வந்தது. வேலிக் கம்பிகள் வென்டெலின் முகத்தின் குறுக்கே சாய்கோடுகளாக ஓடின. ஒரு கம்பி இடது புருவத்தை முழுக்க மறைத்தது. கம்பியையும் அப்படியே வரையலாம், ஊர் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரியட்டும் என்றார்கள் சிலர். அவர்களில் நானும் ஒருத்தி. மிஸ் எர்லீன் ஒரு நாள் அவகாசம் கேட்டார். மறுநாள் வந்து சொன்னார்:

"வேலி இருந்தது எல்லாருக்கும் தெரியும். மண்ணு போட்டு மூடுனதும் தெரியும். அவன் முகம்தான் யாருக்கும் தெரியாது. முகத்தைப் போடு."

"கம்பிக்குப் பின்னால என்ன இருக்குன்னு படத்துல தெரியலையே," என்றார் மாரிசெல். "வலது புருவத்தைப் பார்த்து அதே மாதிரி போட்டுடவா?"

"அதே மாதிரி இருக்காது." மிஸ் எர்லீன் சட்டென்று சொன்னார், சொன்ன வேகத்தில் தானே திகைத்தவர் போல நின்றார். "அங்க ஒரு தழும்பு இருக்கு. குறுக்கால. நான் ஏழு வயசுல என் ரோலர் ஸ்கேட்டைத் தூக்கி அவன் மேல எறிஞ்சேன். மூணு தையல். வாசப்படியில தவறி விழுந்துட்டேன்னு அம்மாகிட்ட சொன்னான். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்ல."

அத்தனை வருடம் அது அவருக்கு நினைவில் இல்லை. கலைந்துகொண்டே வருகிறது என்றாரே, அதில் இது முன்பே போய்விட்டிருந்தது. அந்தக் கம்பி அதைத் திருப்பிக் கொடுத்தது.

சனிக்கிழமை வழக்கத்தைவிட இரண்டு மடங்கு கூட்டம். ஃப்ளோசி ஒவ்வொரு டப்பாவின் மூடியிலும் வயிற்றிலும் அடியிலும் எண் எழுதியிருந்தார். ஒருவர் மூடியைத் திறந்து கீழே வைத்தால் ஓடிவந்து அதன் பக்கத்திலேயே நின்றார். வென்டெலின் ஆறு சதுரங்களையும் இம்முறை ஒரே மேசையில் வைத்துப் பூசினோம், முகம் முழுசாகத் தெரியும்படி. டோரீன் கன்னத்தைப் பூசினார், பதினான்கும் பதினைந்தும். கோட்டைத் தாண்டவில்லை. சட்டை நுனியைப் பிடித்திருக்கும் சின்னக் கையையும் மாரிசெல் தனித் துணியில் வரைந்திருந்தார், அதை ஃப்ளோசி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இடது புருவத்தில் மட்டும் மாரிசெல் எண் எழுதாமல் விட்டிருந்தார். மிஸ் எர்லீன் மெல்லிய தூரிகையை எடுத்து, பதினோராம் டப்பாவிலும் பதினாறாம் டப்பாவிலும் தொட்டு, தன் புறங்கையில் குழைத்துப் பார்த்தார். ஒரே கோடு. அரை நிமிடம்கூட ஆகவில்லை. பிறகு எட்டிப்போய் நின்று பார்த்தார்.

"வந்துட்டான்," என்றார்.

செப்டம்பரில் துணிகளைச் சுவரில் ஒட்டினார்கள். நகரமன்றத்தார் பேசினார்கள், பாடகர் குழு பாடியது, கோழியும் சோள ரொட்டியும் இருந்தன. அந்த வாரம் ஊரில் நாற்பத்தொரு வீடுகளுக்கு அட்டை வந்தது. மூடி கழுவியதற்காக ஃப்ளோசிக்குத் தனியாக ஒன்று. டோரீன் தனக்கு வந்ததை எனக்குக் காட்டினார். "என் அண்ணனைப் பத்திரமாக வைத்திருந்ததற்கு நன்றி. தாமதமானாலும் கொண்டு வந்ததற்கு அதைவிட நன்றி" என்று இருந்தது. தாமதம் என்ற சொல்லை அவர் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினார். டோரீன் அந்த அட்டையை ஆல்பத்தில் அந்தப் படம் இருந்த காலி இடத்தில் செருகி வைத்திருக்கிறார். எனக்கு வந்த அட்டை என் மேசை இழுப்பறையில் இருக்கிறது, நான்காம் வகுப்பில் வந்ததோடு.

மிஸ் எர்லீன் இப்போது மாலை வேலை முடிந்ததும் புல்தரை வழியாக வீட்டுக்குப் போகிறார். ஒருநாள் நானும் கூட நடந்தேன். தினமும் வருகிறீர்களா என்று கேட்டேன்.

"வர்றேன். முன்னெல்லாம் படுக்கப் போகும்போது அவன் மூக்கு எப்படி, காது எப்படின்னு ஒவ்வொண்ணா ஞாபகப்படுத்திப் பார்ப்பேன், மறந்துடக் கூடாதுன்னு. பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி. இப்ப படுத்தா தூங்கிடறேன். மறந்தா வந்து பார்த்துக்கலாம்ல."

சுவரடியில் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பையை முதுகில் மாட்டியபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மிஸ் எர்லீனைக் கண்டதும், "அந்த அண்ணனுக்குப் புருவத்துல என்ன ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஸ்கேட் பட்டுடுச்சு."

"யார் எறிஞ்சாங்க?"

மிஸ் எர்லீன் சிறுமியின் தளர்ந்த பை வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"நான்தான்," என்றார். "அவன் யார்கிட்டயும் சொல்லல."